மலை முகட்டில் மின் கோபுரம் வருகிறதா? மலையக ஊர்களுக்கான செயல் வழிகாட்டி

தேயிலை மலைக்குள் சிவப்புச் சாயம் பூசிய முளைக்கட்டைகள் தெரிந்தால், அவற்றை முதலில் காண்பவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். அன்றைக்கே குறித்து வைக்கச் சொல்லுங்கள்: எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் மலை, எத்தனை கட்டை, எந்தத் திசை. உயர் அழுத்த மின்பாதை ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பம் வரை நேர்கோட்டிலேயே ஓடும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து வரைபடத்தில் கோட்டை நீட்டினால், கம்பி எந்த முகட்டைத் தாண்டும், எந்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே போகும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டையைப் பிடுங்க மட்டும் யாரையும் விடாதீர்கள். பொலிஸ் முறைப்பாடு ஊர் மீது விழும், சர்வேயர் மறுநாளே வந்து வேறு கட்டை அடித்துவிட்டுப் போவார்.

மின்சாரம் வேண்டாம் என்று மலையகத்தில் யாரும் சொல்வதில்லை. நாட்டுக்கு மின் கொடுத்த லக்ஷபானவும் கொத்மலையும் நம் மலைகளில்தான் இருக்கின்றன. அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்கள் பலவற்றுக்கு வெளிச்சம் பல காலம் கழித்தே வந்தது. ஆகவே கேள்வி கம்பி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, அது எந்த வழியாகப் போக வேண்டும் என்பதுதான். "இங்கே வேண்டாம்" என்று மட்டும் எழுதும் மனுவுக்கு ஒரே வரியில் பதில் எழுதி மூடிவிடலாம். "இந்த வழியாகப் போகலாம், நடந்து பார்த்துவிட்டோம்" என்று வரைபடத்தோடு போகும் மனுவுக்கு ஒரு பொறியியலாளர் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கும்.

எந்தக் கம்பி என்று அறிதல்

சட்டம், அகலம், செலவு எல்லாம் மின்னழுத்தத்தைப் பொறுத்தவை. இலங்கையில் நீண்ட தூரக் கடத்தல் 220, 132 கிலோவோல்ட் கம்பிகளில் நடக்கிறது. ஊர்களுக்கு விநியோகம் 33, 11 கிலோவோல்டில் வருகிறது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஏற்கெனவே நிற்கும் கோபுரத்தில் கம்பி தொங்கும் மின்காப்புத் தட்டுகளை எண்ணினால் ஓரளவு பிடிபடும்: ஒரு சரத்தில் மூன்று அளவில் இருந்தால் 33, பத்தை ஒட்டி இருந்தால் 132, பதினைந்தை ஒட்டி இருந்தால் 220.

132 கிலோவோல்ட் பாதைக்குப் பொதுவாக 27 மீட்டர் அகலமும், 220க்கு 35 மீட்டர் அகலமும் ஒதுக்குவார்கள். அந்தப் பட்டைக்குள் வீடு கட்ட முடியாது, உயரமான மரம் நிற்க முடியாது. தேயிலைச் செடி நிற்கலாம், கொழுந்தும் பறிக்கலாம். ஆனால் நிழலுக்கு நிற்கும் கிரவில்லியா, அல்பீசியா, காற்றுத் தடுப்பு யூக்கலிப்டஸ் எல்லாம் வெட்டப்படும். தூரத்திலிருந்து பார்க்கும்போது கோபுரத்தைவிட, மலையில் கத்தியால் கீறியதுபோல் நீளும் இந்த மொட்டைப் பட்டைதான் கண்ணை உறுத்தும். காட்டோரமாகப் பாதை போடும்போது இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

50 கிலோவோல்டுக்கு மேற்பட்ட, 10 கிலோமீட்டரைத் தாண்டும் மேல்நிலைக் கடத்தல் பாதை எதுவாயினும், தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24ஆம் திகதி வெளிவந்த 772/22 இலக்க வர்த்தமானியின்படி விதிக்கப்பட்ட கருத்திட்டம். சுற்றாடல் அனுமதி இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. பாதை 9 கிலோமீட்டர்தான் என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதி, ஒதுக்குக் காடுகள், மண்ணரிப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட நிலம், நீர்த்தேக்க ஒதுக்கீடு, 25 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் கரையிலிருந்து 60 மீட்டர் போன்ற இடங்களைத் தனியாகப் பட்டியலிடுகிறது. அங்கே நீளத்தைப் பார்க்காமலே சட்டம் பொருந்தும். ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய ஒதுக்கின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வேலை நடந்தால், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமைத் தளம் என்பதால், அவற்றை ஒட்டிய பாதைக்கு மரபுரிமைத் தாக்க மதிப்பீடும் கேளுங்கள்.

சிறு நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் 33 கிலோவோல்ட் பாதைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிலையத்துக்கு அனுமதி எடுக்கும்போது கம்பிப் பாதையைப் பற்றி இரண்டு வரி மட்டும் எழுதப்பட்டிருக்கும். நிலையத்தின் சுற்றாடல் அறிக்கையைக் கேட்டு வாங்கி, கம்பிப் பாதைக்கு வரைபடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆட்களைச் சேர்த்தல்

தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் மரணாதாரச் சங்கம், விடுதி நடத்துவோர், வழிகாட்டிகள், முச்சக்கர வண்டிச் சாரதிகள் எல்லோரும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். விடுதிக்காரர்கள் மட்டும் தொடங்கினால் "சுற்றுலாக்காரருக்காகப் பேசுகிறார்கள்" என்பார்கள். ஒரு தொழிற்சங்கம் மட்டும் தொடங்கினால் மற்றச் சங்கத்தினர் வெளியே நிற்பார்கள். எந்தச் சங்கக் கொடியும் இல்லாத ஒரு குழுவை அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து தெரிவு செய்யுங்கள்.

கூட்டத்துக்கு ஞாயிறு அல்லது போயா நாள் ஏற்றது. சம்பள நாளில் வைத்தால் ஆள் வராது. மாலையில் வைப்பதானால் கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரமாவது விடுங்கள். அவர்கள் இல்லாமல் பேசினால் மலையை அறியாமல் பேசுவதாகும். எந்த இடத்தில் மழைக்கு ஊற்று வெடிக்கும், எந்தத் திருப்பத்தில் பனிமூட்டம் கடைசியாக விலகும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

கடிதங்களில் ஒரு சொல் கவனம் தேவை. நம் பேச்சில் 'லைன்' என்றால் வீடும்தான், கம்பியும்தான். மனுவில் 'லயக் குடியிருப்பு' என்றும் 'மின்கடத்தும் பாதை' என்றும் பிரித்து எழுதாவிட்டால், மொழிபெயர்ப்பவர் குழம்பி, வீட்டை அகற்றச் சொல்வதாகவே எழுதிவிடக்கூடும்.

காகிதம் எடுத்தல்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் முதல் கருவி. காரணம் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே எழுதலாம். மின் கடத்தலுக்குப் பொறுப்பான நிறுவனம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலகம் மூன்றின் தகவல் அலுவலர்களுக்கும் ஒரே நாளில் தனித்தனி விண்ணப்பம் அனுப்புங்கள். மின்சாரத் துறை 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரித்து மறுசீரமைக்கப்படுவதால், அந்தக் கோப்பு இப்போது எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு முகவரியை எழுதுங்கள்.

"திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. இப்படிக் கேளுங்கள்: ஒவ்வொரு கோபுரத்தின் எண்ணும் ஆள்கூறும், திருப்பக் கோபுரங்களின் பட்டியல், பாதையின் நீள்வெட்டு வரைபடம், ஆராய்ந்து கைவிட்ட மாற்றுப் பாதைகளும் கைவிட்டதற்கான காரணமும், சுற்றாடல் அதிகாரசபைக்குக் கொடுத்த அடிப்படைத் தகவல் வினாக்கொத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை, கடன் கொடுக்கும் வங்கியின் பெயர்.

14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள், மேன்முறையீட்டில் திகதிதான் பேசும். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, 5 இலட்சம் ரூபாவைத் தாண்டும் உள்நாட்டு நிதித் திட்டத்தையும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும் வெளிநாட்டு நிதித் திட்டத்தையும் பற்றி, தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அறிவிப்பது அமைச்சரின் கடமை. அறிவிக்கவில்லை என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

வங்கியின் பெயரைக் கேட்பது வீண் வேலையல்ல. ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கி, ஜப்பானின் ஜைக்கா போன்றவற்றுக்கு மக்கள் நேரடியாக முறையிடும் தனி வழிகள் இருக்கின்றன. உள்ளூரில் கேட்டுக் கிடைக்காத அறிக்கை அவர்களின் இணையதளத்தில் பகிரங்கமாகவே கிடப்பதும் உண்டு.

காட்சியை அளத்தல்

"அழகு கெடும்" என்பது கருத்து. அதை அளவாக மாற்றினால்தான் மேசையில் நிற்கும். மக்கள் உண்மையில் நின்று பார்க்கும் ஆறு முதல் பத்து இடங்களைத் தெரிவு செய்யுங்கள்: எல்ல இடைவெளியைப் பார்க்கும் திருப்பம், லிப்டன் சீட் போன்ற மேடை, ரயில் பாதையின் ஒரு வளைவு, கோயில் முற்றம், பாடசாலை வாசல், லயத்தின் முன்வாசல். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வாழ்பவர் தினமும் பார்க்கும் மலைக்கு, ஒரு நாள் வந்து போகிறவர் பார்க்கும் மலையைவிடக் குறைந்த மதிப்பு இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் கண் உயரத்தில், ஏறத்தாழ 1.6 மீட்டரில், பெரிதாக்காமலும் அகலக்கோணத்துக்குப் போகாமலும் படம் எடுங்கள். அகலக்கோணத்தில் மலை சிறுத்துவிடும், பெரிதாக்கினால் கோபுரம் ஊதிவிடும். இரண்டையும் எதிர்த்தரப்பு உடனே பிடித்துக்கொள்ளும். திகதி, நேரம், ஜிபிஎஸ் ஆள்கூறு, பார்க்கும் திசை ஆகியவற்றை அந்த இடத்திலேயே கொப்பியில் எழுதுங்கள். பனி ஏறுவதற்கு முன், காலை 9 மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் நம்பகமாகத் திறந்திருக்கும்.

கோபுரம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று காட்ட ஓர் அடிமட்டம் போதும். கையை நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் அடிமட்டத்தைப் பிடியுங்கள். 40 மீட்டர் கோபுரம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 2.4 சென்டிமீட்டராகத் தெரியும், அரைக் கிலோமீட்டரில் 4.8, மூன்று கிலோமீட்டரில் 0.8. கூட்டத்துக்கு வருகிறவரை அதே இடத்தில் நிறுத்தி, அடிமட்டத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பத்துப் பக்க மனுவைவிட வேகமாகப் புரியும். கணினியில் கோபுரத்தை ஒட்டிய படம் செய்வதானால், படத்தில் உயரம் தெரிந்த ஒரு பொருள், தேயிலைத் தொழிற்சாலையோ மின்கம்பமோ, இருக்க வேண்டும். அதை வைத்து அளவைச் சரிபாருங்கள். ஒரே ஒரு மிகைப்படுத்திய படம் மற்ற ஒன்பதையும் நம்ப முடியாததாக்கிவிடும்.

காட்சிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் தலவாக்கலையைக் காட்டுங்கள். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தில், சென் கிளேயர் அருவி வற்றிப்போகாமல் பகலில் நீர் திறந்துவிட வேண்டும் என்பது நிபந்தனையாகவே இருக்கிறது.

மாற்றுப் பாதை வரைதல்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் வாங்கி, திட்டப் பாதையைச் சிவப்பில் வரையுங்கள். பிறகு கீழ்க்காணும் கேள்விகளோடு நடந்து பாருங்கள்.

கோபுரத்துக்குப் பின்னால் வானம் இருக்கிறதா, மலை இருக்கிறதா? மின்கோபுரப் பாதைகளுக்காக இங்கிலாந்தில் 1959இல் வகுத்து இன்றும் பயன்படும் ஹொல்ஃபர்ட் விதிகளில் ஒன்று இதுதான். முகட்டில் நிற்கும் கோபுரம் பத்து மைலுக்குத் தெரியும். அதே கோபுரம் முகட்டுக்குச் சற்றுக் கீழே, மரங்களைப் பின்னணியாக வைத்து நின்றால் சாம்பல் இரும்பு கண்ணில் கரைந்துவிடும். முகட்டைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் மிகத் தாழ்ந்த கணவாயில், சாய்வாகத் தாண்டட்டும். செங்குத்தாகத் தாண்டினால் வெட்டிய பட்டை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

ஏற்கெனவே ஒரு கடத்தல் பாதை இருக்கிறதா? புதிய பட்டை வெட்டாமல், பழைய கோபுரங்களை எடுத்துவிட்டு ஒரே கோபுரத்தில் இரட்டைச் சுற்று (பழைய, புதிய இரண்டு மின்சுற்றும் சேர்த்து) போட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை நடக்கும்போது மின்தடை வரும் என்பதுதான் வழக்கமான பதில். எத்தனை நாள், எந்த மாதம் என்று மறுபடி கேளுங்கள்.

நிலம் தாங்குமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடத்தை உங்கள் பாதைக்கும் அவர்கள் பாதைக்கும் மேலே வைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மலையகத்தில், இந்த ஒரு வாதத்தை யாரும் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது உங்கள் மாற்றுப் பாதைக்கும் எதிராகத் திரும்பலாம். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியே முக்கியமானது: உங்கள் பாதைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலான தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் முகாமையில் இருப்பது. லயத்தில் பரம்பரையாக வாழ்பவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவர் தலைக்கு மேலே கம்பியைக் கொண்டுபோவது எல்லோருக்கும் இலகு. விடுதியின் காட்சியைக் காப்பாற்றி லயத்தின் கூரையில் கம்பியைத் தள்ளும் மாற்றுப் பாதையை எந்தக் குழுவும் கையெழுத்திடக் கூடாது. அப்படி ஒன்று நடந்தால் ஊர் பிளந்துவிடும், பிளந்த ஊரின் எதிர்ப்பை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நிலத்தடிக் கேபிளைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். கொழும்பில் 132 கிலோவோல்ட் நிலத்தடியில் ஓடுகிறது, ஆகவே "இலங்கையில் முடியாது" என்பது சரியல்ல. ஆனால் செலவு பல மடங்கு. மேலும், சரிவில் தோண்டும் நீண்ட குழி மழைநீருக்குக் கால்வாயாகி, மண்ணை ஊறவைக்கும். முழுப் பாதையையும் புதைக்கச் சொன்னால் தோற்பீர்கள். கோயில் மேடைக்கு முன்னால், தெருவோரமாக 33 கிலோவோல்ட் கம்பியை ஒரு கிலோமீட்டருக்குப் புதைக்கச் சொன்னால் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. மரம் வெட்டுவதைக் குறைக்க, உறையிட்ட கம்பியும் கேட்கலாம்.

இன்னொன்று. கம்பியால் நோய் வரும் என்பதைப் போராட்டத்தின் முகமாக்காதீர்கள். கம்பிக்குக் கீழே காந்தப்புலத்துக்குச் சர்வதேச வரம்பு இருக்கிறது, 2010 வழிகாட்டியின்படி பொதுமக்களுக்கு 200 மைக்ரோடெஸ்லா. அளந்து காட்டி "வரம்புக்குள்தான்" என்று சொல்லிவிட்டால், காட்சி, மண்சரிவு, குடியிருப்பு ஆகிய பலமான வாதங்களும் சேர்ந்து அடிபடும். கம்பிக்கும் கூரைக்கும் இடையிலான தூரத்தைக் கேளுங்கள், அது போதும்.

30 நாட்கள்

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாள்தான் கருத்துச் சொல்லலாம். அறிவித்தல் ஒரு மூலையில் சிறிதாக வரும் என்பதால், பத்திரிகை பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டும் போதும் என்று அதிகாரசபை முடிவெடுத்தால் இந்தக் கட்டாய 30 நாள் கிடையாது, அறிக்கையைப் பார்க்கும் உரிமை மட்டுமே உண்டு. அதனால்தான் ஆய்வின் வரையறை தீர்மானிக்கப்படும் கட்டத்திலேயே "முழு மதிப்பீடு வேண்டும்" என்று எழுதிவிட வேண்டும்.

ஒரே கடிதத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டால் அது ஒரு கருத்தாகவே எண்ணப்படக்கூடும். ஒரு கடிதம், ஒரு விடயம், ஒரு பக்கம் என்று நாற்பது கடிதம் போகட்டும். ஒவ்வொன்றிலும் அறிக்கையின் பக்க எண்ணையும் கோபுர எண்ணையும் குறிப்பிடுங்கள். கருத்துகளுக்குத் திட்டக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டும். பகிரங்க விசாரணை நடத்துவது அதிகாரசபையின் விருப்பம் என்பதால், அதை வெளிப்படையாகக் கேட்டும் எழுதுங்கள்.

வழியுரிமை விசாரணை

தனியார் காணி மேலே கம்பி போக உரிமையாளரின் சம்மதம் கேட்பார்கள். மறுத்தால் விடயம் பிரதேச செயலாளரின் விசாரணைக்கு வரும். தோட்டத்தில் அறிவித்தல் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அலுவலகத்தோடு நின்றுவிடும், லயத்துக்கு வராது. இதற்காகக் காத்திராமல், "இந்தக் காணியில் குடியிருப்பவர்கள் நாங்கள், எங்களையும் கேட்க வேண்டும்" என்று வீட்டு இலக்கங்களோடு பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். வாக்காளர் இடாப்புப் பிரதி, மின் கட்டணச் சிட்டை, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் எல்லாம் குடியிருப்புக்கு ஆதாரம். விசாரணையில் தமிழில் பேசவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் எழுதிய தாளில் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நட்டஈட்டுப் பேச்சு வேறு, பாதைப் பேச்சு வேறு. முதலாவதில் கையெழுத்திட்டவர் இரண்டாவதிலும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படக்கூடும்.

நீதிமன்றம்

சுற்றாடல் அனுமதிக்கு எதிராக மக்களுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் மேன்முறையீடு இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவானால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் நீதிமன்றங்களை ஒட்டி இருக்கின்றன, திகதி ஓடுவதற்கு முன் அங்கே போங்கள்.

வேலை தொடங்கிவிட்டால்

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டுங்கள். சரிவில் கோபுரம் வைக்க நிலத்தை மேசைபோல் வெட்டுவார்கள். அதற்குப் பதில் நான்கு கால்களையும் வெவ்வேறு நீளத்தில் அமைக்கச் சொல்லலாம், இது வழக்கமான தொழில்நுட்பமே. தோண்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிட விடாதீர்கள். வடிகான்களை அடைப்பதும், அடுத்த மழைக்குக் கீழே உள்ள லயத்துக்குள் வருவதும் அந்த மண்தான். ஒவ்வொரு கோபுர இடத்தையும் வேலைக்கு முன், அத்திவாரம் போட்ட பின், முதல் பெருமழைக்குப் பின் என மூன்று முறை அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றில் எதைக் கண்டாலும் கடிதம் எழுத உட்காராதீர்கள். கீழே உள்ள வீடுகளை விட்டு ஆட்களை வெளியேற்றிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.